உள்ளே விட்ட துணி

(குன்னூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "கையால் செய்த பரிசுகளில் இருக்கும் அன்பு" என்று தலைப்புச் சொன்னார்கள். 31 வருஷம் தையல் டீச்சராக இருந்தவளிடம் அன்பைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? அன்பாகத் தைத்துக் கொடுத்த எத்தனையோ சட்டைகள், போட முடியாமல் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். நான் பேசப்போவது பிரிப்பதைப் பற்றி. தைத்ததைப் பிரிப்பது, பின்னியதைப் பிரிப்பது. வீட்டில் செய்த உடுப்புக்கும் கடையில் வாங்கியதற்கும் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒரு பட்டுப் பாவாடை கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிப் பாருங்கள். காபி டம்ளரை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.

எனக்கு ஆறு வயசில் தீபாவளிக்கு அம்மா தைத்தது இது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரு கை மெஷின் இருந்தது. வலது கையால் சுற்ற வேண்டும், இடது கையால் துணியை நகர்த்த வேண்டும். பாவாடையின் பெரிய தையல் எல்லாம் அந்த மெஷினில் ஓடியதுதான். ஆனால் கீழே பாருங்கள், கரைக்கு மேலே குறுக்காக வரி வரியாகத் தெரிகிறதா? அங்கே அம்மா மூன்று டக் வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு அங்குல மடிப்பு. ஒரு டக்கைப் பிரித்தால் இரண்டு அங்குலம் நீளம் கிடைக்கும். அதுபோக ஓரத்தில் நாலு விரல்கடைத் துணி உள்ளே மடிந்திருந்தது. இடுப்புக்கு நாடா, ஆகவே இடுப்பைப் பற்றிக் கவலை இல்லை.

அந்த டக்குகளை மட்டும் அம்மா மெஷினில் தைக்கவில்லை. ஊசியில் நூல் கோத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. டீச்சர் டிரெயினிங் படித்தபோதுதான் புரிந்தது. பட்டில் ஊசி குத்திய ஓட்டை லேசில் மூடாது. மெஷின் ஊசி தடிமன், நெருக்கமாகவும் குத்தும். கைத்தையலில் ஓட்டை சின்னது, எண்ணிக்கையும் குறைவு. அதைவிட முக்கியம், முடிச்சை நறுக்கி ஒரு நூலை இழுத்தால் வரிசை முழுக்க அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். தைக்கும்போதே அவள் பிரிக்கிற நாளையும் நினைத்துத்தான் தைத்திருக்கிறாள்.

பிரித்த இடத்தில் இன்னும் அசல் கத்தரிப்பூ நிறம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. வரிக்கு இரு பக்கமும் புள்ளி புள்ளியாக ஊசித் தடம். ஸ்கூல் ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை, "உன் பாவாடையில் ஏன் கோடு போட்டிருக்கு?" என்று கேட்டது. அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. சரி, அது போகட்டும்.

நம் ஊர் ஜாக்கெட்டையும் இப்படித்தான் தைப்பார்கள். உங்கள் ஜாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் வரிசை ஓடும், அதற்கு வெளியே ஒரு அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணி சும்மா தொங்கும். உடம்பு போட்டால் உள்வரிசையைப் பிரித்துவிடலாம். "உள்ளே துணி விட்டிருக்கீங்களா?" என்று கேட்காத பெண்மணி உண்டா? கடைச் சட்டையைத் திருப்பினால் அப்படி எதுவும் இருக்காது. அரை அங்குலம்கூட இல்லாமல் வெட்டி, ஓரம் பிசிறாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்து முடித்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் சட்டைக்கும் தலா ஒரு அங்குலம் துணி விட்டால் முதலாளி கையைக் கடிக்கும்.

தையல்களே பிரிகிற விதத்தில் ஒன்றுபோல் இல்லை. அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மளமளவென்று முழுத் தையலும் கழன்றுவிடும். தப்பான முனையைப் பிடித்தால் சமையல்கட்டில் நின்று கத்தியைத் தேட வேண்டியதுதான். அது சங்கிலித் தையல். முதன்முதலில் வந்த தையல் மெஷின்களில் ஒன்று போட்டதும் அதே தையல்தான். பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் ராணுவ உடுப்பு தைக்க 80 மெஷின் போட்டார். அடுத்த வருஷமே, பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் திரண்டு வந்து அடித்து நொறுக்கினார்கள். இப்போது நம் வீட்டு மெஷினில் விழுவது வேறு தையல். மேல் நூலும் அடியில் இருக்கும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை வாங்கினார், 1851இல் சிங்கர் வந்தார். இந்தத் தையல் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுக்கக் கழன்றுவிடாது. அதனாலேயே பிரிப்பது வேலை. நாலு தையலுக்கு ஒன்றாக மேல் நூலை நறுக்கிக்கொண்டு போய், துணியைத் திருப்பி அடி நூலை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு கையாலும் துணியை இழுத்தால் துணிதான் கிழியும்.

காந்தியே மெஷின்களில் இந்தத் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார், 1924இல். பயனுள்ளதாகக் கண்டுபிடித்த சில பொருள்களில் இது ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் இதைச் செய்தார் என்பது காந்தியின் நம்பிக்கை. அது உண்மையோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

அப்புறம் பின்னலுக்கு வருகிறேன். மலையில் இருந்துகொண்டு ஸ்வெட்டரைப் பற்றிப் பேசாமல் போனால் விடமாட்டீர்கள்.

பின்னலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தம்பி மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அத்தை கையால் ஒரு ஸ்வெட்டர் என்று ஆரம்பித்தேன். மார்புச் சுற்று 94 சென்டிமீட்டர், கொஞ்சம் தளர்வு சேர்த்து 100 என்று வைத்துக்கொண்டேன். உல்லன் நூல் உருண்டையின் லேபிளில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, அதாவது 20 பின்னல் வளையம், என்று போட்டிருந்தது. ஆக, சுற்றுக்கு 200 கண்ணி. கணக்குச் சரி. ஆனால் மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்ததை நானே செய்யவில்லை. என் கை இறுக்கம். அந்த மாசம் வீட்டில் ஒரு சண்டை வேறு. கோபத்தில் பின்னினால் கண்ணி இன்னும் இறுகும், பின்னுகிறவர்களுக்கு இது தெரியும். எனக்கு 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி விழுந்திருக்கிறது. பத்துக்கு இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி, 200ஐ 2.2ஆல் வகுத்துப் பாருங்கள், சுற்று 91 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. பையன் போட்டுக்கொண்டு நின்றான். சின்ன உறையில் பெரிய தலையணையைத் திணித்த மாதிரி இருந்தது. "சூப்பரா இருக்கு அத்தை" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவன் முன்னாலேயே கழற்றச் சொல்லி, அன்று ராத்திரியே பிரித்தேன். ஓரம் இணைத்த தையலை முதலில் நறுக்கி, முன்பாகம், பின்பாகம், கை என்று பிரித்தேன். அதற்கப்புறம் கழுத்துப் பக்கம், கடைசியாகக் கண்ணி அடைத்த இடத்தில் முனையைத் தேட வேண்டும். ஆரம்பித்த அடிப்பக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். முனை கிடைத்துவிட்டால் வரிசை வரிசையாக 'டுர்ர்' என்று கழன்று வரும். நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீழே ஒரு கனத்தைத் தொங்கவிட்டுக் காயப்போட்டேன். நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருந்த நூல் இரண்டு நாளில் நேராகிவிட்டது. அதே நூலில் 220 கண்ணி போட்டுப் பின்னினேன், குறைந்ததற்கு இன்னும் இரண்டு உருண்டை வாங்கி. அது இன்னும் அவனிடம் இருக்கிறது.

கடை ஸ்வெட்டரை இப்படிப் பிரிக்கலாமா என்று கேட்பீர்கள். ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய துணியாகப் பின்னி, அதை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்திருக்கும், துண்டு துண்டாகத்தான் வரும். திருப்பூர் பனியனும் அந்த வகைதான். பின்னலாடைதான், ஆனால் ஒட்ட வெட்டித் தைத்தது.

வகுப்பில் எந்தத் துணியையும் முதலில் திருப்பித்தான் மார்க் போடுவேன். பிள்ளைகள் என்னை "திருப்பி டீச்சர்" என்று கூப்பிட்டதும் தெரியும். இந்த நீலகிரியிலேயே தோடர் பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக எம்பிராய்டரி போடுவார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். என் கணக்கில் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு.

குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே குல்லாவும் சாக்ஸும் பின்னி அடுக்கிவிடுவார்கள். நம் பக்கத்தில் பிறக்கும் முன் எதையும் சேர்த்துவைக்க விடமாட்டார்கள், பிறந்தாலும் முதலில் தாத்தாவின் பழைய வேட்டிதான். நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் நூறு தடவை துவைத்த வேட்டியின் மெதுவு எந்தப் புதுத் துணியில் வரும்? தையல் வகுப்பில் ஜபலாதான் ஆரம்பப் பாடம், பட்டனுக்குப் பதில் நாடா வைப்போம். வாரத்துக்கு வாரம் வளர்கிற உடம்புக்கு முடிச்சைத் தளர்த்தினால் போதும்.

அளவே வேண்டாத உடுப்பு ஒன்று இருக்கிறது, சேலை. நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த கதர்ச் சேலையை 1942இல் இந்திரா கல்யாணத்துக்குக் கட்டினார். 1968இல் மருமகள் சோனியாவும் அதையே கட்டினார். ஜாக்கெட் என்றால் இந்தக் கதை நடந்திருக்காது.

கொடுத்ததை வாங்குகிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை. 1947இல் எலிசபெத் இளவரசியின் கல்யாணத்துக்கு, காந்தி தாம் நூற்ற நூலில் ஒரு பஞ்சாபிப் பெண்ணைக் கொண்டு லேஸ் துணி ஒன்று பின்னச் செய்து மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தனுப்பினார். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்று பின்னியிருந்தது. மணப்பெண்ணின் பாட்டி மேரி ராணி அதைப் பார்த்துவிட்டு, காந்தியின் இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம். ஆனால் பேத்தி பத்திரமாக வைத்திருந்தார். 2018இல் மோடி லண்டன் போனபோது எடுத்துக் காட்டினார். ஆகவே, நீங்கள் கொடுத்த டேபிள் கவரை நாத்தனார் டி.வி. மேல் போடவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

யாருக்காவது தைத்துக் கொடுப்பதாக இருந்தால், ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று கண் அளவில் வெட்டாதீர்கள். அவருக்குப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பருத்தித் துணி என்றால் வெட்டும் முன் நனைத்துக் காயவைத்து, சுருங்குகிறதைச் சுருங்கவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு அங்குலம் கூட விடுங்கள். கொடுக்கும்போது, "பொருந்தலைன்னா கொண்டு வா, பிரிச்சுத் தரேன்" என்று சொல்லிக் கொடுங்கள்.

பாவாடை கடைசி வரிசை வரை போய்விட்டதா? சரி, அங்கே மூலையில் யாரோ மேல் டக்கை நகத்தால் நெருடுகிறீர்கள். மூன்றில் அது ஒன்றுதான் இன்னும் பிரிக்காதது. அதைப் பிரிக்கிற முறை வந்த வருஷம் எனக்குத் தாவணி எடுத்துவிட்டார்கள். அந்த நூல் அம்மா கோத்தது. கொஞ்சம் பார்த்து, இழுத்துவிடாதீர்கள்.