மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 1959-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த 'தி கஸீபோ' என்ற கருப்பு வெள்ளைப் படம். க்ளென் ஃபோர்டும் டெபி ரெனால்ட்ஸும் நடித்தது. இயக்கியவர் ஜார்ஜ் மார்ஷல். மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவன், அவனைக் கொன்றுவிடத் துணியும் ஒரு கணவன், நகரத்தை விட்டுத் தள்ளிப் புல்வெளியும் தோட்டமுமாக ஒரு வீடு. இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்த விஷயமே அதன் பின்பாதியில்தான் இருக்கிறது.

எலியட் நாஷ் டிவிக்காக மர்மக் கதைகள் எழுதி இயக்குபவன். மனைவி நெல், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பெயர் வாங்கிய நட்சத்திரம். அவளுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது எடுத்த நிர்வாணப் படங்கள் ஷெல்பி என்பவன் கையில் சிக்கியிருக்கின்றன. அவன் எலியட்டிடம் பணம் கேட்கிறான். கொடுத்தால் இன்னும் கேட்கிறான். கடைசியாக 25,000 டாலர். படம் வந்த ஆண்டில் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே ஏறக்குறைய 5,400 டாலர்தான். நாலரை வருடச் சம்பாத்தியத்தை ஒரே தவணையில் கேட்கிறான் என்றால் அந்த மனிதனின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

மனைவிக்குத் தெரியாமல் ராப்பகலாக எழுதித் தள்ளுகிறான். வீட்டை விற்கப் பார்க்கிறான். ஏன் விற்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளோ அந்த வீட்டுத் தோட்டத்தில் வைக்க ஆசைப்பட்டு ஒரு பழைய மண்டபத்தை வாங்கியிருக்கிறாள். தூண்கள் நிறுத்திக் கூரை போட்ட சின்ன மண்டபம்; படத்தின் தலைப்பில் வரும் கஸீபோ இதுதான். அதற்கு அடித்தளம் போடக் குழி வெட்டிக் கான்கிரீட் கொட்டப்போகிறார்கள். கதை எழுதுகிறவன் மூளை அல்லவா, அந்தக் குழியைப் பார்த்ததும் வேலை செய்கிறது. ஷெல்பி பணம் வாங்க வரும் இரவில், கதவைத் திறந்து உள்ளே வரும் நிழலைச் சுடுகிறான். குளியலறைத் திரையைக் கழற்றிப் பிணத்தைச் சுற்றுகிறான். அடித்தளத்தில் புதைத்துவிடுகிறான். பிறகு அவனுடைய நண்பனான அரசு வழக்கறிஞர் வந்து ஒரு செய்தி சொல்கிறான்: ஷெல்பியை யாரோ ஓட்டல் அறையிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். அப்படியானால் என் தோட்டத்தில் கிடப்பவன் யார்? இந்தக் கேள்வி அவன் தலைக்குள் ஏறும் இடத்தில் க்ளென் ஃபோர்டின் முகத்தைக் கவனியுங்கள்.

இனி என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். எலியட் தன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படங்கள் அவளுடையவை. மானம் போனால் போவது அவள் மானம். தொழில் கெட்டால் கெடுவது அவள் தொழில். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொலை வரைக்கும் போகிறவன், அவளைக் கூப்பிட்டு "இப்படி ஒருத்தன் மிரட்டுகிறான், என்ன செய்யலாம்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் படமே பின்னால் சொல்லிவிடுகிறது. ஷெல்பி முதலில் போனது அவளிடம்தான். அவள் தம்பிடி கொடுக்கவில்லை. படங்கள் வெளிவந்தால் வரட்டும், என் தொழிலுக்கு விளம்பரம்தானே என்று அனுப்பிவிட்டாள். அங்கே பருப்பு வேகாததால்தான் அவன் கணவனிடம் வந்திருக்கிறான். அவளும் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மிரட்டலைப் பற்றி, இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஷெல்பி பிழைப்பு நடத்தியது அந்த இடைவெளியில்தான்.

இது திரைக்கதைக்காகச் செய்த வசதி என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலத்து ஹாலிவுட்டைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 1949-இல் கையில் காசில்லாத ஓர் இளம் நடிகை டாம் கெல்லி என்ற புகைப்படக்காரருக்கு 50 டாலருக்கு நிர்வாணமாக நின்றார். அது நாட்காட்டியில் வந்தது. 1952-இல், அவர் பெயர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், விஷயம் வெளியே கசிந்தது. ஸ்டுடியோ பதறியது. அவர் மறுக்கவில்லை. ஆமாம், நான்தான், பணம் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். அடுத்த ஆண்டே மிகப் பெரிய நட்சத்திரமானார். மர்லின் மன்றோவைத்தான் சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று சம்பந்தப்பட்டவரே சொல்லிவிட்டால் மிரட்டுகிறவன் கையில் இருப்பது வெறும் காகிதம். இந்தப் படத்தின் நாயகிக்கு அது தெரிந்திருக்கிறது. கணவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 1952-இல் ராபர்ட் ஹாரிசன் 'கான்ஃபிடென்ஷியல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைத் தோண்டி எடுத்து அச்சிடுவதுதான் அதன் வேலை. லட்சக்கணக்கில் விற்றது. 1957-இல் லாஸ் ஏஞ்சலஸில் வழக்கு நடந்து, அந்த வகைக் கட்டுரைகளை நிறுத்துவதாக அவர் ஒப்புக்கொள்ளும்வரை ஹாலிவுட் அந்தப் பத்திரிகைக்கு நடுங்கியது. அந்த நடுக்கம் ஓய்ந்து இரண்டு ஆண்டுகளில் இந்தப் படம் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெபி ரெனால்ட்ஸின் கணவர் எடி ஃபிஷர் அவரை விட்டு எலிசபெத் டெய்லரிடம் போனதை 1958 முதல் அமெரிக்கப் பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. 1959-இல் விவாகரத்தானது. தன் சொந்த வாழ்க்கையை ஊரே படித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் வாய்க்குப் பயப்படாத ஒரு பெண்ணாக அவர் நடித்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பாத்திரத்தின் துணிச்சல் எனக்குப் போலியாகப் படவில்லை.

கதையை எழுதியவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அலெக் கோப்பல், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இது முதலில் அவருடைய நாடகமாக 1958 டிசம்பரில் பிராட்வேயில் மேடையேறியது. அவருடைய மற்ற கதைகளைப் பாருங்கள். 1949-இல் வந்த 'அப்செஷன்': மனைவியின் காதலனை அடைத்துவைத்து, பிணத்தைத் தடயமில்லாமல் கரைக்கத் திட்டம் போடும் கணவன். 1953-இல் வந்த 'தி கேப்டன்ஸ் பாரடைஸ்': இரண்டு துறைமுகத்தில் இரண்டு குடும்பம் நடத்தும் கப்பல் தலைவன். 1958-இல் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்குத் திரைக்கதை எழுதிய இருவரில் இவர் ஒருவர். அதிலும் ஒரு கணவன், ஒரு சூழ்ச்சி. மனைவிக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்யும் கணவனை இந்த மனிதர் விடவே மாட்டார். பயங்கரமாகவும் எழுதிப் பார்த்தார், சிரிப்பாகவும் எழுதிப் பார்த்தார். சிரிப்பாக எழுதியபோதுதான் அந்தக் கணவனின் மடமை முழுசாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

ஹிட்ச்காக்கைச் சொன்னேன் அல்லவா. படத்தில் அவர் தோன்றுவதில்லை. ஆனால் எலியட்டைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். எலியட் அவருக்கு ஒரு கதை எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கூப்பிடும் நேரமோ, இவன் கையில் ஒரு நிஜப் பிணம் இருக்கும் நேரம். தனக்கு வந்த சிக்கலைக் கதையில் வரும் சிக்கல் மாதிரி சொல்லி அவரிடமே யோசனை கேட்கிறான். அந்தக் காட்சியில் நமக்குக் கிடைப்பது ஃபோர்டு ஒருவர்தான். ஒரு பக்கம் கதாசிரியன் பெரிய இயக்குநரிடம் காட்டும் பணிவு, மறுபக்கம் கொலைகாரனின் உதறல். இரண்டும் ஒரே குரலில். 'கில்டா'வில், 'தி பிக் ஹீட்'டில், '3:10 டு யூமா'வில் இறுகிய முகத்தோடு பார்த்த அதே நடிகரா என்று வியப்பாக இருக்கும். இயக்குநர் மார்ஷல் 1930-களில் நகைச்சுவை இரட்டையர் லாரல் ஹார்டி படங்களை இயக்கியவர். ஒரு பொருளைக் கையில் கொடுத்து மனிதனைத் தடுமாற வைப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் குளியலறைத் திரையைச் சுற்றும் காட்சியில் அது தெரியும். சில மாதங்கள் கழித்து 1960-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வந்தது. அங்கேயும் பிணத்தைச் சுற்றுவது குளியலறைத் திரையில்தான். அதைப் பார்த்து ஊர் மிரண்டது. இதைப் பார்த்துச் சிரித்தது.

இந்த இடத்தில் நாஷ் வீடு இருக்கும் புறநகரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன் கிடைத்தது. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். நாஷ் தம்பதியின் வீடு அதைவிட வசதியானது. ஆனால் ஆசை ஒன்றுதான்: நகரத்தின் சந்தடியை விட்டு நம் வீடு, நம் தோட்டம், நம் குடும்பம். அந்த வீட்டில் எலியட்டுக்குத் தனிமை கிடைக்கிறதா? வீடு விற்றுக்கொடுக்கும் அம்மா வருகிறாள். மண்டபம் கட்ட ஒப்புக்கொண்ட காண்ட்ராக்டர் வருகிறார். வீட்டு வேலைக்காரி இருக்கிறாள். நண்பனான அரசு வழக்கறிஞர் உரிமையோடு வந்து உட்கார்கிறான். மிரட்டலைப் பற்றிச் சட்டப்படி என்ன செய்யலாம் என்று சொல்லக்கூடிய ஆளே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவனிடமும் இவனால் வாய் திறக்க முடியவில்லை. நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம் இப்படித்தான் ஆளைக் கட்டிப்போடும். இன்று கைபேசியில் படத்தை வைத்துக்கொண்டு இளம்பெண்களை மிரட்டுகிறவர்களும் இந்தப் பயத்தை நம்பித்தான் தொழில் நடத்துகிறார்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல முடிகிற பெண்ணிடம் அவர்கள் ஜம்பம் சாய்வதில்லை.

முடிவுக்கு வருகிறேன். தோட்டத்தில் கிடந்தவன் ஷெல்பியின் கூட்டாளி. ஷெல்பியைக் கொன்று ஒரு லட்சம் டாலரைச் சுருட்டிக்கொண்டவன். அந்தப் பணத்தைத் தேடி அவர்கள் கூட்டத்தின் மற்ற இரண்டு பேர் வந்து எலியட்டின் மனைவியைக் கடத்துகிறார்கள். மழையில் அடித்தளம் இளகி, பிணம் கூடத்துக்கே வந்துவிடுகிறது. அப்போதுதான் எலியட் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். அடுத்து போலீஸ் அதிகாரியிடமும் ஒப்புக்கொள்கிறான். பார்த்தால், அவன் சுட்ட குண்டு ஆள் மேலே படவில்லை; ஒரு புத்தகத்தில் பாய்ந்து கிடக்கிறது. வந்தவன் மாரடைப்பில் செத்திருக்கிறான். சாட்சியத்துக்காக அந்தக் குண்டைக் கேட்கும்போது, எலியட் வளர்க்கும் புறா அதையும் கொத்திக்கொண்டு போய்விடுகிறது.

இந்த முடிவு எனக்கு முழுத் திருப்தி இல்லை. அப்போது ஹாலிவுட்டில், படங்களில் எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்று வகுத்த தயாரிப்பு நெறிமுறை நடப்பில் இருந்தது. 1934 முதல் கண்டிப்பாக அமல்படுத்தி, 1968-இல்தான் கைவிட்டார்கள். குற்றம் செய்தவன் தப்பிக்கக் கூடாது என்பது அதன் கட்டளை. நாயகனைச் சிறைக்கு அனுப்பினால் நகைச்சுவை செத்துவிடும். ஆகவே கொலையையே இல்லாமல் ஆக்கும் மாரடைப்பு அங்கே வசதியாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் கொல்ல வேண்டும் என்றே ஒருவன் சுட்டான், எதிரே இருந்தவன் அங்கேயே செத்தான். குண்டு படவில்லை என்பதற்காக அவன் கை சுத்தமாகிவிடுமா? சட்டம் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புறா இதையெல்லாம் கேட்க விடாமல் நம்மைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறது.

ஆனாலும் மனைவியிடம் அவன் வாய் திறக்கும் அந்தக் காட்சிக்காக இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதே நாடகத்தை 1971-இல் பிரான்சில் லூயி த ஃப்யூனே நடிக்க 'ஜோ' என்று எடுத்தார்கள். ஓட்டமும் கூச்சலுமாக இதைவிட வேகமானது, பிணத்தை வைத்துச் செய்யும் வித்தைகளில் இதை மிஞ்சுவது. இரண்டையும் பாருங்கள். இதை முதலில் பாருங்கள், டெபி ரெனால்ட்ஸுக்காக.