ஹியர், லிசன்: இரண்டுக்கும் ஒரே 'கேள்' போதுமா?

[திரையில்: உற்றுக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.]

இந்த வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'கேள்' இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை அது நாம் செய்த வேலை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இரண்டாம் தடவை நம் கையில் எதுவுமில்லை; சத்தம் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முதலாவது ஆங்கிலத்தில் லிசன். இரண்டாவது ஹியர்.

எதைப் போடுவது என்று தடுமாறினால், தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 'எனக்குக் கேட்கிறது' என்று வந்தால் ஹியர். 'நான் கேட்கிறேன்' என்று வந்தால் பெரும்பாலும் லிசன்.

[திரையில்: எனக்கு இடிச்சத்தம் கேட்டது. / நான் பாட்டுக் கேட்கிறேன்.]

ஐ ஹேர்ட் தண்டர். ஐ ஆம் லிசனிங் டு மியூசிக்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 'ராத்திரி நாய் குரைப்பதைக் கேட்டேன்' என்கிறோம். 'நான்'தான் வருகிறது, ஆனால் யாரும் உட்கார்ந்து அதைக் கவனிக்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் 'காதில் விழுந்தது' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லையென்றால் ஹியர்தான்.

அடுத்தது 'டு'. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எதை, யாரை என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் 'டு' கட்டாயம். 'லிசன் மீ' தவறு, 'லிசன் டு மீ' சரி. வெறுமனே 'கவனி!' என்றால் 'லிசன்!' மட்டும் போதும். ஹியருக்கு இந்த 'டு' ஒட்டவே ஒட்டாது.

போனில் 'ஆர் யூ ஹியரிங் மீ?' என்று கேட்கிறோம். 'கேன் யூ ஹியர் மீ?' என்பதே இயல்பு. சத்தம் காதில் விழுவது நாம் நடத்திக்கொண்டிருக்கும் செயல் இல்லை என்பதால், 'ஐஎன்ஜி' வடிவம் அங்கே பொருந்தாது. நீதிபதி வழக்கை விசாரிப்பது வேறு கதை. அது வேண்டுமென்றே செய்யும் வேலை, ஆகவே 'தி ஜட்ஜ் இஸ் ஹியரிங் தி கேஸ்' முழுக்கச் சரி.

கடிதத்தின் முடிவில் எழுதும் 'ஹியரிங் ஃப்ரம் யூ' உங்கள் பதிலை எதிர்பார்ப்பதைச் சொல்கிறது. அங்கே லிசனிங் போட்டால் வாக்கியமே நிற்காது.

ஹியரிங் டெஸ்ட் என்றால் காது எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்று பார்ப்பது. வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத் தருவார்கள்; அளவு டெசிபலில் வரும். லிசனிங் டெஸ்ட் மொழித்தேர்வு. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் அந்தப் பகுதிக்கு 40 கேள்விகள். காது நன்றாக இருப்பவர்களும் அதில் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் அங்கே சோதிக்கப்படுவது கவனமும் புரிதலும்.

உச்சரிப்பில் இரண்டே விஷயம். லிசனில் 'டி' எழுத்து ஒலிக்காது. ஹியரின் இறந்தகாலம் 'ஹியர்ட்' இல்லை, 'ஹேர்ட்'. 'வேர்ட்' சொல்வது போல.

[திரையில்: பையன் சொன்னபேச்சு கேட்பதில்லை.]

இந்தக் 'கேள்' கீழ்ப்படிதல். ஆங்கிலத்திலும் இதற்கு லிசனே வரும்: ஹி டஸன்ட் லிசன். தவறி 'ஹி டஸன்ட் ஹியர்' என்று சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் பையனுக்குக் காதில் கோளாறு என்றே எடுத்துக்கொள்வார்.