சாற்றில் நனையும் ரொட்டி

நேயர்களுக்கு வணக்கம். சிகாகோவில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மக்கள் நிறைந்திருந்த டெய்லர் தெருப் பகுதியில், 1938இல் ஆல் ஃபெரேரி தன் சகோதரி குடும்பத்தோடு சேர்ந்து தொடங்கியது ‘ஆல்ஸ்’ கடை. 1961 முதல் சிகாகோவை ஒட்டிய எல்ம்வுட் பார்க்கில் ‘ஜானீஸ்’ கடை இருக்கிறது. இரண்டிலும் பெயர்போனது இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்: மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கறியைச் சூடான கறிச்சாற்றில் நனைத்து, நீள ரொட்டிக்குள் வைத்துத் தருவது.

இதற்கு எடுப்பது மாட்டின் பின்னந்தொடைக் கறி. விலை மலிவு, கொழுப்பு குறைவு, நார் அதிகம். அந்த முரட்டுக் கறியைப் பல்லுக்கு இதமாக்குவதில்தான் கடைக்காரரின் கைத்திறன் இருக்கிறது.

இரண்டு கிலோ துண்டுக்கு உப்பு, மிளகு, பூண்டு, ஓரிகனோ தடவி, தட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வையுங்கள். நடுக்கறியின் சூடு 60 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டில் இறங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, கறியையும் சாற்றையும் தனித்தனியே இரவு முழுதும் குளிர்பெட்டியில் வையுங்கள். சூடான கறியைச் சீவினால் பிய்ந்துபோகும். குளிர்ந்து இறுகிய கறிதான் நாருக்குக் குறுக்கே, காகிதம் போல மெல்லியதாக வரும். வீட்டில் இயந்திரம் இல்லையென்றால் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்துவிட்டுக் கூரான கத்தியால் சீவலாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது அடுத்த கட்டத்தில், சாற்றைச் சூடாக்கி, சீவிய கறியை அதில் நனைக்கும்போது. சாறு கொதிக்கவே கூடாது. 70 டிகிரி அளவில் ஆவி பறந்தால் போதும். வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் கறியைப் போட வேண்டும். அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே குவித்துப் போட்டால் கறி சுருங்கித் தன் நீரையெல்லாம் பிழிந்துவிடும். சாற்றுக்குள்ளேயே கிடந்தும் சக்கையாகிவிடும்! மாலைக்குள் சாறு வற்றி உப்புக் கரிக்கும் என்பதால் அவ்வப்போது ருசி பார்த்து வெந்நீர் சேர்க்க வேண்டும்.

ரொட்டி அழுத்தமானதாக, மேல்தோல் இழுவையாக இருக்க வேண்டும். கடைகள் கொனெல்லா, டுரானோ போன்ற உள்ளூர் பேக்கரிகளிலிருந்து நீள ரொட்டி வாங்குகின்றன. மெத்தென்ற பன் சாறு பட்டதும் கரைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கீறி, மறுபக்கத்தை ஒட்டியபடி விடுங்கள்.

கறிக்கு மேலே என்ன வேண்டும் என்று கடையில் சொல்ல வேண்டும். ‘ஹாட்’ என்றால் ஜார்டினேரா: செலரி, கேரட், காலிஃபிளவர், பச்சை மிளகாய் ஆகியவற்றை உப்புநீரில் ஓரிரவு ஊறவைத்து, நன்றாக வடித்து, வினிகரும் எண்ணெயும் சேர்த்த ஊறுகாய். தண்ணீர் தங்கினால் எண்ணெய் கலங்கிப்போகும். இதில் பச்சைப் பூண்டு போட்டு வெளியே வைப்பது ஆபத்து. எண்ணெய்க்குள் காற்றில்லாத இடத்தில் போட்டுலிசம் நச்சு உருவாகலாம். குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ‘ஸ்வீட்’ என்றால் வதக்கிய குடைமிளகாய். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே சரி என்பேன். காரத்துக்கு அந்த இனிப்பு துணை வேண்டும். சீஸ் தேவையில்லை, சாற்றின் மணத்தை அது மூடிவிடும்.

சாறு எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘டிரை’ என்றால் சாற்றை உதறிய கறி. ‘வெட்’ என்றால் மேலே ஒரு கரண்டிச் சாறு. ‘டிப்ட்’ என்றால் முழு சாண்ட்விச்சையும் இடுக்கியால் பிடித்துச் சாற்றில் அமிழ்த்தித் தருவார்கள். அதை வாங்கினால் கடையின் சாப்பாட்டு மேடையில் முழங்கைகளை ஊன்றி, கால்களைப் பின்னுக்குத் தள்ளி, முன்னே சாய்ந்து நின்று சாப்பிடுங்கள். சட்டை தப்பிக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் ரொட்டி, கறி, சாறு, ஊறுகாய் நான்கையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.