ஊர் ஊராய் அளந்து, மண்ணடியில் கட்டுவது

[காட்சி: பழைய வீடொன்றின் மாடி அறை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் குறுக்குவாட்டில் அடுக்கிய செங்கற்கள். கீழே மேசை, அதன்மேல் அளவுநாடாவும் கோடு போடாத நோட்டுகளும்.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது சென்னை ஜார்ஜ் டவுனில், மண்ணடியில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. எங்கள் கட்டடக்கலை ஸ்டுடியோ இங்கேதான் இயங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கதவைப் பூட்டிவிட்டு, ஏதாவது ஒரு பழைய நகரத்தில் சில வாரங்கள் தங்கி வருவது எங்கள் வழக்கம். அப்போது கேமராவுக்கு முன்பே பைக்குள் போவது ஐந்து மீட்டர் அளவுநாடா. படம் எடுத்தால் ஒரு வாசலின் வடிவம் கிடைத்துவிடும்; ஆனால் அந்த வாசல் ஏன் அவ்வளவு உயரம், அதன் முன்னால் உள்ள படி ஏன் அவ்வளவு அகலம் என்பதைக் கண்டுபிடிக்க, குனிந்து அளந்துதான் ஆகவேண்டும். ஊர் திரும்பியதும் அந்த அளவுகளைத் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, பவளக்காரத் தெரு ஆகியவற்றின் அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் எங்களுக்கு வேலை இருக்கிறது.

கட்டடக் கலைஞர்கள் ஊர் சுற்றிக் கற்பது புதிதல்ல. லெ கொர்பூசியே 1911இல், இருபதுகளின் தொடக்கத்தில், இஸ்தான்புல்லிலும் ஏதென்ஸிலும் நோட்டும் பென்சிலுமாகத் திரிந்தவர். பின்னாளில் அவரிடம் பணியாற்றிய பாலகிருஷ்ண தோஷி, பெங்களூரு ஐஐஎம் வளாகத்தை வடிவமைக்கையில் ஃபத்தேபூர் சிக்ரியின் முற்றங்களையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் பிரகாரங்களையும் மனத்தில் வைத்திருந்தார். ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் கோபுரத்தின் சாயலும் இராது, மொகலாய வளைவும் இராது. நடக்க நடக்க நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் கல் தாழ்வாரங்கள்தாம் இருக்கும். பயணத்தை இப்படிச் செரித்துக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை, நாங்கள் சில தவறுகளைச் செய்த பிறகுதான் புரிந்துகொண்டோம். அவற்றில் ஒன்றைப் பின்னர் சொல்கிறேன்.

[காட்சி: பினாங்கின் கடைவீடுகள். ஒரே கோட்டில் நீளும் தூண் வரிசை.]

முதலில் மலேசியாவின் பினாங்கு. அதன் தலைநகருக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர். 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய அந்த ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட நம்முடைய பகுதி 1911இல் பெற்றதோ ஐந்தாம் ஜார்ஜின் பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தெருவும் பள்ளிவாசலும் அங்கே இன்றும் இருப்பதால், மண்ணடிக்காரர் ஒருவருக்கு அந்த ஊர் அவ்வளவாக அந்நியப்படாது.

அங்குள்ள கடைவீடுகளின் தரைத்தளம் தெருவிலிருந்து சற்றே உள்வாங்கியிருக்கும். மேல்மாடி அதற்கு மேல் நீண்டு கூரையாக நிற்கும். 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்காக வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு தெருவின் இருபுறமும் கூரையிட்ட தொடர்பாதை இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்த வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவி, ஐந்தடிப் பாதை என்று பெயர் பெற்றது. பெயரில்தான் ஐந்தடி, நாடாவைப் பிடித்தால் அகலம் வாசலுக்கு வாசல் மாறுகிறது. நிலம் வீட்டுக்காரருடையது, அதில் நடக்கும் உரிமை ஊருடையது என்பதுதான் அந்தப் பாதையின் சாரம்.

நம் ஊர்த் திண்ணைக்கும் இதே குணம் உண்டு. ஆனால் அது நடப்பவருக்கானதல்ல, உட்காருபவருக்கானது. இன்றைய சென்னை ஜார்ஜ் டவுனில் திண்ணைகளில் பெரும்பாலானவை இரும்புக் கிராதிக்கும் ஷட்டருக்கும் பின்னால் போய்விட்டன. மீன்பாடி வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவரும் தொழிலாளிக்கு மதிய வெயிலில் ஒதுங்க இடமில்லை. லிங்கிச்செட்டித் தெருப் பக்கம் ஒரு கிடங்கும் அலுவலகமும் சேர்ந்த கட்டடம் எங்களிடம் வந்தபோது, தரைத்தளத்தை ஐந்தரை அடி உள்ளே தள்ளினோம். உரிமையாளர் வரைபடத்தைப் பார்த்ததும், “இந்த ஏரியாவுல சதுர அடி என்ன வெலைக்குப் போவுதுன்னு தெரியுமா சார்?” என்றார். நியாயமான கேள்விதான். மேல்தளம் அந்த ஐந்தரை அடிக்கு மேலே நீள்வதால் மாடியில் இடம் குறையாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகும் அவர் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் நின்றிருந்த மீன்பாடி வண்டியின் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, திண்ணையையும் அதே உயரத்துக்கு வைத்தோம். இப்போது மூட்டையைத் தலையில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை; வண்டியிலிருந்து திண்ணைக்கு இழுத்தால் போதும். அவர் சம்மதித்தது இதற்காகத்தான், நிழலுக்காக அல்ல.

[காட்சி: ஈரானின் யாஸ்த் நகரம். மண் நிறக் கூரைகளுக்கு மேல் எழும் காற்றுக் கோபுரங்கள்.]

இனி எங்கள் தவறு. யாஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரங்களைப் பார்த்து மயங்காத கட்டடக் கலைஞர் இருக்க முடியாது. தவுலதாபாத் தோட்டத்தின் கோபுரம் ஏறக்குறைய 33 மீட்டர் உயரம். மேலே வீசும் காற்றைப் பிடித்து, தடுப்புகளின் வழியே கீழே இறக்கி, தண்ணீர்த் தொட்டியின் மீது தவழவிட்டு அறைக்குள் அனுப்புகிறது. அங்கே காற்று வறண்டது; நீர் சட்டென ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாங்கள் ராயபுரத்தில் ஒரு வீட்டின் சமையலறைக்கு மேல் அதைப்போல ஒன்றைச் சிறிய அளவில் கட்டினோம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில், நீர் எப்படி ஆவியாகும் என்பதை யோசிக்காமல் விட்டது எங்கள் பிழை. கிழக்கு பார்த்து வைத்த அதன் வாய் வழியாக, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரத்திலேயே சாரல் நேராக அடுப்பு மேடையில் விழுந்தது.

அந்த வீட்டுப் பாட்டி காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒழுகிய இடத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டே, “ஏன் தம்பி, கடல்காத்து நம்ம மூஞ்சி ஒசரத்துல வருது. அதப் புடிக்க மாடிக்கு மேல ஏன் ஏறுனீங்க?” என்று கேட்டார். பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றுக்குத் தேவை எதிரெதிரான இரண்டு சன்னல்கள்தாம். கோபுரத்தின் கிழக்கு வாயை அடைத்து, மேற்குப் பக்கம் மட்டும் திறந்துவைத்தோம். இப்போது அது சமையலறைச் சூட்டை வெளியேற்றும் புகைபோக்கியாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

[காட்சி: நீண்டு குறுகிய வீட்டு மனையின் குறுக்கு வெட்டுப் படம்.]

அதற்கடுத்து முற்றம். எங்கள் ஜார்ஜ் டவுன் மனைகள் அகலம் குறைந்து, ஆழம் மிகுந்தவை. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியே நிற்கும். ஆகவே நடு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வந்தாகவேண்டும். ஜப்பானின் கியோட்டோவில் உள்ள மாச்சியா வீடுகளின் மனைகளும் இப்படித்தான். அவற்றுக்கு விலாங்கு மீனின் படுக்கை என்றே பட்டப்பெயர். உள்ளே சில சதுர மீட்டர் அளவில் ஒரு தோட்டத்தை வைத்துவிடுகிறார்கள். 2017இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமான அகமதாபாத்தில், போள் எனப்படும் நெருக்கமான பழைய குடியிருப்புகளின் வீடுகளிலும் நடுவில் ஒரு சிறு முற்றம் இருக்கும்.

ஆனால் சூரியன் மூன்று ஊர்களிலும் ஒரே மாதிரி வருவதில்லை. கியோட்டோ ஏறத்தாழ 35 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே உச்சிவெயில் எப்போதும் சாய்ந்தே விழும். சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அகன்ற முற்றம் வைத்தால் கத்திரிக்கு முன்பே தரை கொதிக்கும். பதினாறு அடி அகலமுள்ள ஒரு மனையில், முற்றத்தைக் கிழக்கு மேற்காக ஐந்தடி மட்டும் விட்டு, வடக்கு தெற்காக மனையின் முழு அகலத்துக்கும் நீட்டினோம். முப்பதடி உயரச் சுவர்களுக்கு நடுவே, தரையின் எந்த இடத்திலும் நேர்வெயில் ஒரு நாளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தங்காது. டிசம்பரில் தரையைத் தொடுவதே இல்லை. வெளிச்சம் மட்டும் வெள்ளையடித்த சுவரில் பட்டுப் பட்டு இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதே முற்றத்துக்கு அடியில், அகமதாபாத்தில் டாங்கா எனப்படும் மழைநீர்த் தொட்டியின் பாணியில் ஒரு நிலத்தடித் தொட்டி கட்டினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் கிடைக்கும். வடிகட்டும் முறையை வெனிஸ் நகரச் சதுக்கங்களில் பார்த்த கிணறுகளிலிருந்து எடுத்தோம்: களிமண் பூசிய பள்ளத்தில் மணலை நிரப்பி, மழைநீரை அதன் வழியே இறக்கி, நடுவில் உள்ள கிணற்றில் ஊறவிடுவார்கள். மணல் நீரைத் தெளியவைக்கும் என்பதை அறிய அவ்வளவு தூரம் போயிருக்கவேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. 1772இல் கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காகத் தோண்டிய ஏழுகிணறு, எங்கள் ஸ்டுடியோவிலிருந்து நடக்கும் தூரம்தான்.

[காட்சி: முற்றத்தின் தரையில் வட்ட மூடி. பக்கத்துச் சுவரில் சாய்த்துவைத்த பித்தளைக் கோல்.]

அந்தத் தொட்டி வரும் ஐப்பசியில் முதன்முறையாக நிறையும். ஆழம் பார்ப்பதற்கு ஒரு பித்தளைக் கோல் செய்து வைத்திருக்கிறோம். அதில் இன்னும் கோடுகள் போடவில்லை. மழை பெய்த பிறகு நீர் நிற்கும் இடங்களைப் பார்த்து, வீட்டுக்காரரே போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.