எண்ணெய்ப் பனையின் தாயகமே பாமாயிலை இறக்குமதி செய்வது ஏன்?

போன காணொளியைப் பார்த்த ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம் என்றீர்கள். அப்படியிருக்க நைஜீரியா ஏன் வெளிநாட்டிலிருந்து பாமாயில் வாங்குகிறது? அங்கே விளைவது தரம் குறைந்த ரகமா, அல்லது வாங்க ஆளில்லையா?"

வாங்க ஆளில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சிவப்பு பாமாயில் இல்லாமல் தெற்கு நைஜீரியாவில் சமையலே நடக்காது. அதோடு நூடுல்ஸ், பிஸ்கட், சோப்பு ஆலைகளுக்கும் அது வேண்டும். 1960-களின் தொடக்கம் வரை உலகில் அதிகமாக ஏற்றுமதி செய்த நாடும் நைஜீரியாதான். இன்று ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் உற்பத்தி ஆகிறது, அது உள்நாட்டுத் தேவைக்கே போதவில்லை. இந்தோனேசியா மட்டும் 4 கோடி டன்னுக்கு மேல் எடுக்கிறது.

1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர் பனை விளையும் கிழக்குப் பகுதியிலேயே நடந்தது. அப்புறம் பெட்ரோலியப் பணம் வந்ததும் விவசாயத்தின் மேல் அரசின் கவனம் குறைந்தது. இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். உண்மைதான். ஆனால் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே. என் பார்வையில், இன்றைய சிக்கல் மரத்தின் ரகத்திலும் குலை வெட்டிய பிறகு கழியும் நேரத்திலும் இருக்கிறது.

ரகத்தை முதலில் பார்ப்போம். இந்தப் பனையில் மூன்று வகை. டூரா வகைப் பழத்தில் கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும், எண்ணெய் தரும் சதை குறைவு. பிசிஃபெராவில் ஓடே கிடையாது. ஆனால் அதன் பெண் பூங்கொத்துகள் பெரும்பாலும் காய்க்காமல் அழுகிவிடும். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது டெனெரா: மெல்லிய ஓடு, நிறையச் சதை. டூராவைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் எண்ணெய் தரும். உலகத் தோட்டங்களில் இன்று நடுவது இதைத்தான். ஓட்டின் தடிப்பு தாய், தந்தை மரங்களிலிருந்து எப்படி வருகிறது என்பதை 1941-ல் பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் விளக்கினார்கள்.

நைஜீரியாவில் தானாக முளைத்த பனந்தோப்புகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை டூரா. சரி, டெனெரா நடலாமே என்று ஒரு விவசாயி நினைக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் டெனெரா நன்றாகக் காய்க்கிறது, மரத்தடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி நாற்று போடுகிறார். இங்கேதான் ஏமாற்றம். டெனெராவும் டெனெராவும் சேர்ந்து உண்டான விதையில் நூற்றுக்கு ஐம்பதுதான் டெனெராவாக வரும். இருபத்தைந்து டூரா. மீதி இருபத்தைந்து பிசிஃபெரா. இந்த பிசிஃபெரா செழித்து உயர்ந்து, பக்கத்து மரங்களுக்கு வெயில் கிடைக்காமல் செய்யும், ஆனால் குலை தராது. மூன்று நான்கு ஆண்டுகள் களை எடுத்து, உரம் போட்டு வளர்த்தவருக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. உழைப்பில் குறையே இல்லை, விதையில் மட்டும்தான் குறை. நைஜீரியாவின் பெனின் நகரத்துக்கு அருகே 1939 முதல் இயங்கும் எண்ணெய்ப் பனை ஆராய்ச்சி நிலையம், இன்றைய பெயரில் நிஃபோர், டூராவையும் பிசிஃபெராவையும் முறையாகச் சேர்க்கை செய்த விதையைத் தருகிறது. அப்படிப்பட்ட விதைதான் ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் போய்ச் சேர வேண்டும்.

மலேசியா நைஜீரியாவிடம் விதை வாங்கித்தான் முன்னேறியது என்று ஒரு கதை உலவுகிறது. ஆண்டுகள் அதற்கு ஒத்துவரவில்லை. அங்கே வணிகத் தோட்டம் தொடங்கியது 1917-ல், சிலாங்கூரின் தெனாமரம் தோட்டத்தில். அந்தத் தோட்டங்களின் டூரா, 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழியில் வந்தது. நைஜீரியாவில் மலேசிய ஆய்வாளர்கள் விதை சேகரித்தது 1973-ல்தான்.

அடுத்தது நேரம். குலையை வெட்டி, பழம் நசுங்கியதுமே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும், கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். ஒரு நாளுக்குள் ஆவியில் வேகவைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். கிராமங்களில் என்ன நடக்கிறது? குலையிலிருந்து பழம் எளிதாக உதிர வேண்டும் என்று சில நாள் குவித்து மூடி வைக்கிறார்கள். அரிவாள் வேலை மிச்சம், ஆனால் அமிலம் கூடிவிடுகிறது. வீட்டுச் சமையலுக்கு வாங்குபவர் நிறத்தையும் மணத்தையும் பார்த்து வாங்கிக்கொள்வார். சுத்திகரிப்பு ஆலை வாங்காது. அமிலம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எல்லா லாரியிலும் ஒரே தரம் வர வேண்டும். பல நூறு வீடுகளில் பிழிந்த எண்ணெயில் அது கிடைப்பதில்லை, அதனால் ஆலை கப்பலை எதிர்பார்க்கிறது. சந்தை ஒன்றல்ல, இரண்டு.

விலையும் இதோடு சேர்ந்ததுதான். ஆண்டின் முதல் பாதியில் வரத்து குவிந்து விலை சரியும், பிற்பாதியில் ஏறும். சேமித்து வைக்க வசதி உள்ள வியாபாரிக்கு அந்த வித்தியாசம் போகிறது, பிழிந்தவருக்கு அல்ல. பருப்பின் கதை வேறு. தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ இன மக்கள் வாழும் ஊர்களில் எண்ணெய் ஆணுக்கு, கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு பெண்ணுக்கு என்ற வழக்கம் இருந்தது. பெரிய ஆலை குலையை முழுசாக வாங்கிக்கொண்டால் பருப்பு வருமானம் யாருக்கு என்ற கேள்வி அங்கே பெண்களுக்கு உண்டு. ஆலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

நேயர் கடைசியாக ஒன்று கேட்டிருந்தார்: டெனெராவைக் கண்டுபிடிப்பது எப்படி? நாற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் குலை வந்ததும் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள். ஓடு மெல்லியதாக இருந்து, அதைச் சுற்றிச் சதைக்குள் நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் டெனெரா. வளையம் இல்லாமல் ஓடு தடித்திருந்தால் டூரா. 2013-ல் அந்த ஓட்டுக்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் இப்போது இலைத் துண்டை ஆய்வகத்தில் சோதித்து, நாற்றங்காலிலேயே பிரித்துவிடலாம்.