தட்டோடு வந்தவரும் கூண்டோடு வந்தவளும்

நடுவர் அவர்களே, அவையோரே, இரு அணி நண்பர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராகப் பூனைக்கு வந்துவிடுகிறேன்.

தெருப் பூனைக்கு நாம் செய்யும் பெரிய உதவி எது? உணவு வைப்பதுதான் என்கிறது எதிரணி. கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திருப்பி விடுவதுதான் என்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "நாங்கள் தட்டோடு போகிறோம், பூனை எங்களைத் தேடி வருகிறது. இவர்கள் கூண்டோடு போகிறார்கள், பூனை தலைதெறிக்க ஓடுகிறது. யார் நண்பர் என்று பூனையிடமே கேளுங்கள்!" அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயும்வரை என் கண்முன்னால் ஒரே ஒரு பூனைதான் நின்றது.

சரி அண்ணா, பூனையிடமே கேட்டுவிடுவோம்.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு ஒருத்தி வருவாள். சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். சாம்பல்காரி என்று பெயர் வைத்தேன். மூன்று வருடம் அவளுக்குத் தட்டு வைத்தவள் நான். அப்போது நானும் அண்ணன் கட்சிதான். அப்புறம் ஒரு நாள் மனசு மாறி, கூண்டு வாங்கி வந்தேன். ஏன் மாறியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூண்டு என்றால் நீளமான கம்பிப் பெட்டி. கடைக்கோடியில் மீன், அதற்கு முன்னால் தரையோடு தரையாக ஒரு தகடு. தகட்டில் கால் பட்டால் பின்னால் கதவு விழும். முதல் நாள் சாம்பல்காரி வந்தாள். கூண்டை மூன்று சுற்று சுற்றினாள். வெளியே உட்கார்ந்தபடி கம்பி இடுக்கில் கையை விட்டு, மீனைத் துண்டு துண்டாக இழுத்துத் தின்றாள். தின்று முடித்து, கூண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்து, நிதானமாக முகம் கழுவினாள்!

இரண்டாம் நாள் மீனை நகர்த்தி வைத்தேன், கை எட்டாத தூரத்தில். இரவு பத்து மணிக்குக் கதவு விழுந்த சத்தம். ஓடினேன். உள்ளே ஒரு மஞ்சள் கடுவன். இடது காது நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. அந்த வெட்டு, கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம். அறுவை சிகிச்சையின்போது மயக்கத்தில் இருக்கையிலேயே செய்துவிடுவார்கள், பூனைக்கு அப்போது வலி தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தாலே "இவனுக்கு ஆகிவிட்டது" என்று புரியும், தெரியாமல் இன்னொரு முறை மயக்க ஊசி போட வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட்டேன், போனான்.

மூன்றாம் நாள் சத்தம். ஓடினேன். அதே மஞ்சள் கடுவன். நான்காம் நாள் சத்தம். உள்ளே யார்? சொல்லுங்கள், அவையோரே... அதே மஞ்சள் கடுவன்! தட்டைச் சுத்தமாக நக்கி முடித்து, "கதவைத் திற, நேரமாகிறது" என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

அண்ணா, அவன் கூண்டுக்குள் போய்வந்தவன். ஊசி, கத்தி எல்லாம் பார்த்தவன். கூண்டைக் கண்டால் பூனை ஓடும் என்றீர்களே, அவன் மூன்று ராத்திரி தானாக நடந்து வந்தானே!

சாம்பல்காரி மட்டும் மசியவில்லை. அனுபவப்பட்ட ஒருவர் சொன்னபடி, கூண்டுக் கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டிவிட்டு, அவளுடைய தட்டை முதல் நாள் வாசலில் வைத்தேன். மறுநாள் ஒரு சாண் உள்ளே. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். ஐந்தே நாளில் கடைக்கோடி வரை போய்த் தின்ன ஆரம்பித்தாள். பத்தாம் இரவு பசிக்க வேண்டும் என்று தட்டே வைக்கவில்லை. சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அந்த ஒரு இரவு எனக்குத் தூக்கமில்லை. பதினோராம் இரவு கயிற்றை அவிழ்த்தேன். கதவு விழுந்தது.

கம்பியில் மோதினாள், சீறினாள். பழைய போர்வையை எடுத்துக் கூண்டின் மேல் போட்டேன். சட்டென்று அமைதி. இருட்டினால் பூனை அடங்கும். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

இப்போது சொல்லுங்கள், அவளைக் கூண்டுக்குள் கொண்டுவந்தது எது? தட்டுதான். தினமும் அதே நேரம், அதே இடத்தில் வைத்த தட்டு. அண்ணா, உங்கள் தட்டு இல்லாவிட்டால் என் கூண்டு வெறும் கம்பி. ஆனால் தட்டோடு நின்றுவிட்டால்? பிறந்த நான்கைந்து மாதத்திலேயே பெட்டைப் பூனைக்குச் சினை பிடிக்கலாம். சுமார் 65 நாளில் நான்கு குட்டி. பால் குடி மறக்கும் முன்பே மறுபடி சினை. நாம் வைக்கிற ஒரு தட்டு எத்தனை வாய்க்குப் போதும்? தெருவில் பிறந்த குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், நான்கில் மூன்று குட்டிகள் ஆறு மாதம் நிறைவதற்குள் செத்துப்போயின அல்லது காணாமல் போயின. கருத்தடை ஆன கடுவன் சண்டைக்குப் போவதும் ஊர் சுற்றுவதும் குறையும், பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது, ரேபிஸ் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டுவிடலாம். இதையெல்லாம் எங்கள் அணியினர் விரிவாகப் பேசுவார்கள், நான் சாம்பல்காரியிடமே திரும்புகிறேன்.

மூன்று வருடத்தில் அவள் ஆறு முறை குட்டி போட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷம்தான், தட்டைப் பெரிதாக்கினேன். ஒரு மழை நாள் காலை தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். தட்டு வைக்கிற இடத்தில் ஒரு குட்டி கிடந்தது. என் உள்ளங்கையில் அடங்கும். கண் இரண்டும் சீழ் கட்டி ஒட்டிப்போயிருந்தன. அதை நக்கிக்கொண்டே இருந்தாள். நக்குவாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி நக்குவாள். மீனை வைத்தேன், தொடவில்லை. குட்டி விறைத்துப் போயிருந்தது என்பது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அண்ணா, தட்டு வைத்திருப்பவளால் எல்லாம் முடியும் என்று நம்பி என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். என் கையில் தட்டு மட்டும்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் கூண்டு வாங்கினேன். அந்த ஈற்றில் தேறிய ஒரே குட்டியை ஏழாவது வாரத்தில் ஒரு வீட்டில் சேர்த்தேன், அந்த வயதில் மனிதக் கை பட்டால் பழகிவிடும். வளர்ந்தவள் பழக மாட்டாள், நான்கு சுவருக்குள் அடைத்தால் வாடிப்போவாள். அதனால் அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் முழுக்கத் தெளிந்த பிறகு, அதே பின்சுவருக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்தாள். மூன்றாம் நாள் மாலை, தட்டு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்றாள், இடது காதில் நுனி இல்லாமல்.

இரண்டு வருடம் ஆகிறது. நேற்று மாலையும் வந்தாள். முதுகெலும்பு தெரிந்த உடம்பு இன்றைக்கு உருண்டையாக இருக்கிறது. தின்று முடித்து, சுவர் மேலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே பாத்திரம் விழுந்தது, எழவில்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. தின்றதெல்லாம் அவளுக்கே சேர்கிற வயிறு, நடுவர் அவர்களே.

வணக்கம்.