ஐஸ் தொட்டியில் இறங்க 16,225 ரூபாய்!

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து நான்தான். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரைன் டிரைவ் பக்கத்து ஜன்னலைச் சாத்தினால் இந்த வெக்கையில் என்னால் கதைக்க முடியாது.

முதலில் இந்தப் பில்லைப் பாருங்கள். கிட்டக் காட்டுகிறேன். பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். எந்த இடம் என்று கீழே எழுதிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கொழும்பு 7இல் ஓர் ஆரோக்கிய நிலையம், அவ்வளவுதான். சோனா என்கிற சூட்டறையும் ஐஸ் குளியலும் சேர்ந்த பொதி 12,000 ரூபாய் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். சரி, பிறந்தநாள் காசு இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று போனேன்.

இந்த இரண்டாவது வரியைப் படியுங்கள். துவாய், 500. நான் வீட்டிலிருந்தே துவாய் கொண்டுபோனேன்! பழைய காணொளிகளில் யோகாசனப் பாய்க்குப் பக்கத்தில் கிடக்குமே நீலக்கரைத் துவாய், அதேதான். வெளித்துவாய் அவர்களுடைய சுகாதார விதிக்கு ஒத்துவராதாம். அவர்கள் தந்தது கோப்பை துடைக்கும் துணி அளவு. அந்த 500க்கும் 10 வீத சேவைக் கட்டணம், அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 18 வீத வற் வரி. துவாய்க்கு மட்டும் 649 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு, துவாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்! மொத்தம் 16,225. வரியை அரசாங்கம் கேட்கிறது, அதில் அவர்களைக் குறை சொல்லவில்லை. விளம்பரத்தில் முழு விலையைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

சோனா எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லவேண்டும். "வியர்க்கிறதுக்குக் கொழும்பில் காசு கொடுக்கிறாயா? பின்னேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போதாதா?" என்று அண்ணா கேட்டார். பஸ்ஸில் இருப்பது ஈர வெக்கை, வியர்வை காயாமல் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பின்லாந்துச் சோனா 80 முதல் 100 பாகை வரையிலான உலர்ந்த சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக நடப்பதுபோல அடிக்கிறது. கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்தில் 4 முதல் 7 தடவை சோனாவுக்குப் போனவர்களிடம் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஆண்கள், சோனா அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. நாள்தோறும் போய் உட்கார முடிகிறவர் ஏற்கனவே ஓரளவு சுகமாக இருப்பவராகவும் இருக்கலாம். அதைக் காட்டி ஒருநாள் பொதி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐயோ, ஐஸ் தொட்டியைச் சொல்லாமல் பின்லாந்துக்குப் போய்விட்டேன். குளிரூட்டும் இயந்திரம் அன்று பழுது. முச்சக்கர வண்டியில் ஒரு தம்பி சாக்கில் ஐஸ் பாளம் கொண்டுவந்தார், பின்பக்கம் வைத்துச் சுத்தியலால் உடைத்தார்கள். மீன் சந்தையில் பாரைக்கும் அறுக்குளாவுக்கும் மேலே போடுகிற அதே ஐஸ். நான் இறங்கியபோது சாக்கு நார் ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. வெப்பமானியில் 14 பாகை. மூச்சு நெஞ்சில் அடைத்துவிட்டது. நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை நுவரெலியாப் பக்கம். "மெதுவாக மூச்சை விடுங்கள் அக்கா. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரே விடியற்காலையில் இப்படித்தான் இருக்கும்" என்றாள். அவள் வீட்டில் துவாய்க்கும் காசு இல்லை!

இன்னொன்று. குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் வருகிற அந்த மூச்சுத் திணறலோடு இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். இதய வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. அங்கே என்னிடம் வருத்தம் எதுவும் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. காசா கார்டா என்று மட்டும் கேட்டார்கள்.

சரி, எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் சுவரில் இருந்த அறிவிப்பு. "பளு தூக்கிய கையோடு 10 நிமிடம் ஐஸ் குளியல்: தசை வேகமாக வளரும்." இது நேர்மாறு! 2015இல் உடலியங்கியல் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வில், இளைஞர்களுக்கு 12 வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் பயிற்சி முடிந்ததும் 10 பாகைத் தண்ணீரில் 10 நிமிடம் இருந்தார்கள், மற்றவர்கள் மெதுவாகச் சைக்கிள் மிதித்தார்கள். தசையும் பலமும் குறைவாகக் கூடியது ஐஸ் குழுவுக்குத்தான். பயிற்சிக்குப் பிறகு தசைக்குள் ஒரு பழுதுபார்க்கும் வேலை தொடங்குகிறது, அதைக் குளிர் அடக்கிவிடுகிறது. மறுநாளும் போட்டியில் ஓடவேண்டிய வீரருக்கு நோவு குறைந்தால் போதும், அவர் இறங்கட்டும். ஐம்பது தாண்டி, இருக்கிற தசையையாவது காப்பாற்றலாம் என்று நான் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறேன். அதைக் கரைக்க 16,225 கொடுக்கவா?

தசைப் பலத்தையும் சமநிலையையும் பார்க்கக் காசில்லாத பரிசோதனை ஒன்று இருக்கிறது. ரியோ டி ஜெனீரோ மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவின் குழு 2012இல் வெளியிட்டது. வெறுந்தரையில் உட்கார்ந்து எழும்பவேண்டும். உட்கார 5 புள்ளி, எழும்ப 5. கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று போய்விடும், தள்ளாடினால் அரை. போன காணொளியில் நான் முழங்கால் ஊன்றி எழும்பியதைப் பார்த்துச் சிரித்தீர்களே, இப்போது பாருங்கள். கமராவைக் கதிரையில் வைக்கிறேன். தெரிகிறதா? உட்கார்ந்துவிட்டேன். கை மேலே. எழும்புகிறேன்... எழும்பிவிட்டேன்! ஊன்றவே இல்லை! கடைசியில் கொஞ்சம் ஆடினேன், அதற்கு அரை போகட்டும். ஒன்பதரை! திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள், வெட்டி ஒட்டவில்லை.

எங்கள் கோயில் அன்னதானத்தில் இப்போது பாயைவிடப் பிளாஸ்டிக் கதிரைதான் அதிகம். முழங்கால் தேய்ந்தவர்களுக்குக் கதிரை வேண்டும்தான். நாற்பது வயதுக்காரரும் ஓடிப்போய்க் கதிரை பிடிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எழும்புவது எங்கள் அம்மம்மாமார் நாள்தோறும் செய்த வேலை.

ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பதையும் பழகுங்கள். 2022இல் வந்த ஆய்வில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் அது முடியவில்லை. நான் இடியப்பம் அவியும்போது அடுப்படியில் நின்று பழகுகிறேன். பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கட்டும், சூடான ஸ்டீமரைப் பிடித்துவிடாதீர்கள்.

கொலாஜன் என்கிற புரதப் பொடி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். பிட்டும் சம்பலும் மட்டும் தின்றுவிட்டுப் பொடி தேடுவதைவிட இரண்டு முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள், 12 கிராம் புரதம் கிடைக்கும்.

உங்கள் புள்ளியை வயதோடு சேர்த்து எழுதுங்கள். இருபது வயதுக்காரர்கள் பத்துக்குப் பத்து என்று எழுத வேண்டாம், எனக்கு எரிச்சல் வரும்.